குரலை எடுத்தேன், வயலினும் போய்விட்டது: பாட்டைப் பிரிக்கும்போது வரும் கோளாறுகளும் தீர்வுகளும்

ஒரு பாட்டிலிருந்து குரலையோ ஒரு வாத்தியத்தையோ எடுத்துவிட்டுக் கேட்கிறீர்கள். போக வேண்டியது முழுசாகப் போகவில்லை, அல்லது அதோடு வேறு எதுவோ சேர்ந்து போயிருக்கிறது. பலரும் இந்த இடத்தில் வேறு மென்பொருளைத் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன் ஒன்று செய்யுங்கள்: வேண்டாம் என்று அழிக்கப்போகும் கோப்பைக் கேளுங்கள். உங்களுக்கு வேண்டியது குரல் இல்லாத இசை என்றால், பிரிந்து வந்த குரல் கோப்பை ஹெட்போனில் தொடக்கம் முதல் கடைசி வரை கேளுங்கள். இசையில் காணாமல் போன வயலின் அங்கே இருக்கும். இசையில் ஒட்டிக்கொண்டிருக்கும் எதிரொலி அங்கே குறைந்திருக்கும். என்ன கோளாறு என்று அந்தக் கோப்பே சொல்லிவிடும். பாடுகிறவர்களுக்குப் பல வருடங்களாக மைனஸ் ஒன் டிராக் (குரல் இல்லாத பின்னணி இசை) செய்து கொடுத்து வருகிறேன்; நான் சரிசெய்த கோளாறுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் பிடிபட்டன.

கீழே வருவதைப் புரிந்துகொள்ள, நீங்கள் எந்த வழியில் பிரித்தீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். பழைய வழி கழித்தல். ஸ்டீரியோ பாட்டில் முதன்மைக் குரல் பெரும்பாலும் நடுவில் வைக்கப்பட்டிருக்கும். அதாவது இடது சேனலிலும் வலது சேனலிலும் ஒரே அளவில் இருக்கும். ஒரு சேனலை இன்வர்ட் செய்து, அதாவது அலையைத் தலைகீழாக்கி, மற்றதோடு கூட்டினால், இரண்டிலும் பொதுவாக இருப்பது அழிந்துவிடும். ஆடாசிட்டி போன்ற எந்த ஒலி எடிட்டரிலும் இதைச் செய்யலாம். புதிய வழி, ஆயிரக்கணக்கான முறை கேட்டுப் பழகிய செயற்கை நுண்ணறிவு மாடல்களிடம் வேலையை விடுவது. டீசர் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஸ்ப்ளீட்டர், மெட்டா ஆய்வாளர்களின் டெமக்ஸ், டெமக்ஸோடு இன்னும் பல மாடல்களை ஒரே இடத்தில் வைத்துத் தரும் அல்டிமேட் வோக்கல் ரிமூவர் ஆகியவை இந்த வகை.

கழித்தேன், சத்தமே வரவில்லை

உங்களிடம் இருப்பது மோனோ பதிவு. கோப்பில் இரண்டு சேனல் இருந்தாலும் இரண்டிலும் ஒரே ஒலிதான். எல்லாமே பொது என்பதால் எல்லாமே அழிகிறது. இசைத்தட்டிலிருந்தோ கேசட்டிலிருந்தோ எடுத்ததாக இருந்தால் முழு மௌனம் வராது. ஊசிக் கீறலும் நாடா இரைச்சலும் மட்டும் மிஞ்சும், ஏனென்றால் அவை இரண்டு பக்கமும் வேறுவேறாக இருக்கும். கழித்தல் வழியில் இதற்குத் தீர்வு கிடையாது. மாடலுக்குத்தான் போக வேண்டும். மாடல் ஒலியின் வடிவத்தைப் பார்த்துப் பிரிப்பதால் மோனோவிலும் வேலை செய்யும். ஜான் லெனன் 1970-களின் பின்பகுதியில் கேசட்டில் பதிந்துவைத்த ஒரு பாட்டில் குரலும் பியானோவும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. 1995-இல் பீட்டில்ஸ் குழுவின் மற்ற மூவரும் அதை எடுத்து முயன்றுவிட்டுக் கைவிட்டார்கள். இயந்திரக் கற்றல் மூலம் குரலைத் தனியே எடுக்க முடிந்த பிறகு, 2023 நவம்பரில் அது பீட்டில்ஸ் பாட்டாக வெளிவந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய மோனோ பாட்டுகள் சிலவற்றை, ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் கூர்மையாகவும் ஒலிக்கும்படி செய்து ஸ்டீரியோ போல விற்றிருக்கிறார்கள். அப்படிப்பட்ட பாட்டில் கழித்தலும் சரியாக நடக்காது, மாடலும் சில நேரம் தடுமாறும். முதலில் இரண்டு சேனலையும் கூட்டி உண்மையான மோனோ ஆக்கிவிட்டு, அப்புறம் மாடலிடம் கொடுங்கள்.

குரல் போனது, பாட்டின் அடித்தளமும் போனது

இது கழித்தலின் இயல்பு. பேஸ் கிட்டார், ட்ரம்ஸின் கிக், ஸ்னேர் எல்லாமே பொதுவாக நடுவில்தான் வைக்கப்படுகின்றன. குரலை அழிக்கும் அதே கணக்கு அவற்றையும் அழிக்கிறது. அசல் பாட்டின் பிரதி ஒன்றை எடுத்து, 120 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதை லோ பாஸ் ஃபில்டரால் வெட்டி, கழித்த டிராக்கின் அடியில் சேருங்கள். பேஸும் கிக்கின் கனமும் திரும்பி வரும். பெண் குரல் என்றால் 150 வரைக்கும் தாராளமாகப் போகலாம். கனத்த ஆண் குரல் என்றால் 100-க்குக் கீழேயே நிற்க வேண்டியிருக்கும். ஸ்னேர் திரும்பாது, அது குரலின் எல்லைக்குள்ளேயே வாழ்கிறது.

ஹெட்போனில் சரி, போன் ஸ்பீக்கரில் மௌனம்

கழித்ததை இரண்டு சேனலிலும் போடும்போது ஒன்று மற்றொன்றின் தலைகீழாக அமைந்துவிட்டது. ஹெட்போனில் இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் போவதால் தெரியவில்லை. ஒற்றை ஸ்பீக்கர் இரண்டையும் கூட்டுகிறது, கூட்டியதும் பூஜ்யம். ஒரு சேனலை எடுத்து இரண்டு பக்கமும் அப்படியே நகல் போடுங்கள். எந்த டிராக்கையும் யாருக்காவது அனுப்புவதற்கு முன் ஒருமுறை மோனோவில் கேட்டுவிடுவது நல்லது.

பாடகர் கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிறார்

என்னிடம் வருகிறவர்கள் அதிகம் சொல்லும் குறை இதுதான். சொற்கள் போய்விட்டன, ஆனால் அவற்றின் நிழல் கேட்கிறது. அந்த நிழல், குரலுக்கு ஸ்டுடியோவில் சேர்த்த ரிவெர்ப், அதாவது எதிரொலி. குரல் நடுவில் இருந்தாலும் அதன் ரிவெர்ப் இடமும் வலமும் வேறுவேறாகப் பரவியிருக்கும். அதனால் கழித்தலில் குரல் அழியும், ரிவெர்ப் அழியாது. கழித்தல் வழியில் வந்த நிழல் என்றால் அதோடு போராடாதீர்கள், மாடலுக்கு மாறுங்கள்.

மாடலிலும் நிழல் வரும், ஆனால் அளவு குறைவு. இங்கேதான் குரல் கோப்பைக் கேட்க வேண்டும். அசலில் குரல் ஈரமாக, எதிரொலியோடு இருந்து, பிரிந்து வந்த குரல் உலர்ந்து ஒலித்தால், அந்த எதிரொலி இசைக் கோப்பில் தங்கிவிட்டது என்று அர்த்தம். இசைக் கோப்பை வேறொரு மாடலுக்கு இரண்டாம் முறை கொடுத்துப் பாருங்கள். மிச்சம் கேட்பது சொல்லாகப் புரிகிறது என்றால் இரண்டாம் சுற்றில் பெரும்பாலும் போய்விடும். சொல் புரியாத வெறும் பனி மூட்டம் என்றால் மாடலுக்கு அது குரலாகவே தெரியாது. மூன்றாவது சுற்றுக்குப் போக வேண்டாம், அதற்குள் வாத்தியங்கள் தேய ஆரம்பித்துவிடும்.

ரிவெர்ப் நீக்கும் மாடல்கள் என்று தனியாகக் கிடைக்கின்றன. அவற்றை இசைக் கோப்பில் போடும் தவறை நிறையப் பேர் செய்கிறார்கள். போட்டால் வயலின்களின் சொந்த ரிவெர்ப்பும் சேர்ந்து போய், முழு ஆர்க்கெஸ்ட்ராவும் அட்டைப்பெட்டிக்குள் வாசிப்பது போல ஆகிவிடும். அந்த மாடல்கள் பிரித்தெடுத்த குரலைச் சுத்தம் செய்வதற்குத்தான்.

நிழல் அதிகம் உறுத்துவது வரி முடியும் இடத்தில். பாடகர் நிறுத்திவிட்டார், இசை மெலிந்திருக்கிறது, எதிரொலி மட்டும் மிதக்கிறது. அந்த அரை விநாடியை மட்டும் கையால் வால்யூம் குறையுங்கள். நிலையான டெம்போவில் பதிந்த பாட்டு என்றால், அதே இசை குரலில்லாமல் வரும் வேறொரு இடத்திலிருந்து அந்தத் துண்டை நகலெடுத்து வைக்கலாம். வரிகளுக்குள் இருக்கும் நிழலைப் பற்றிக் கவலை வேண்டாம். மேலே ஒருவர் அதே வரியைப் பாடும்போது அது மறைந்துவிடும். சங்கதியை மாற்றிப் பாடுகிறவர் என்றால் மட்டும் உரசும்.

தண்ணீருக்கடியில் இருப்பது போல ஒலிக்கிறது

இதற்கு மூன்று காரணம் இருக்கலாம். எது என்று தெரிய, கோப்பை ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த அலைவரிசையில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) காட்சியில் பாருங்கள்.

படம் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் வெட்டியது போல நின்றால், தொடக்கக் கோப்பிலேயே குறை. 128 கேபிபிஎஸ் எம்பி3 பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இதில் வெட்டை விட மோசமான விஷயம் ஒன்று உண்டு. இடத்தை மிச்சம் பிடிக்க, எம்பி3 இரண்டு சேனலையும் தனித்தனியாக வைக்காமல், அவற்றின் கூட்டலையும் வித்தியாசத்தையும் சேமிக்கலாம். வித்தியாசத்தை யாரும் தனியாகக் கேட்கப்போவதில்லை என்ற நம்பிக்கையில் அதற்குக் குறைவான இடமே ஒதுக்கும். கழித்தல் வழியில் நாம் கேட்பதோ அந்த வித்தியாசத்தை மட்டும்தான். எம்பி3 மறைத்துவைத்த குறை எல்லாம் அப்படியே வெளியே வந்து நிற்கும். எம்பி3-யை வேவ் ஆக மாற்றிவிட்டுத் தொடங்கினாலும் போனது திரும்பாது. சிடியிலிருந்தோ தரம் குறையாத ஃப்ளாக் கோப்பிலிருந்தோ தொடங்குவதற்கு நிகரான தீர்வு வேறு இல்லை. ஒரே பாட்டு இரண்டு தரத்தில் கிடைத்தால், நல்ல மாடலும் மோசமான கோப்பும் சேர்வதை விட, சுமாரான மாடலும் நல்ல கோப்பும் சேர்வதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

வெட்டு 11 கிலோஹெர்ட்ஸில் இருந்தால், காரணம் ஸ்ப்ளீட்டர். அதன் இயல்பான அமைப்பு அதுவரைக்கும்தான் பார்க்கும். 16 வரை பார்க்கும் அமைப்பும் உடன் வருகிறது, அதற்கு மாற்றுங்கள்.

வெட்டே இல்லை, ஆனாலும் சலசலக்கிறது என்றால், குரலும் வாத்தியமும் ஒரே அலைவரிசையில் நெருங்கி நிற்கும் இடத்தில் மாடல் கணத்துக்குக் கணம் முடிவை மாற்றிக்கொள்கிறது. டெமக்ஸில் ஷிஃப்ட்ஸ் எண்ணைக் கூட்டினால், பாட்டைச் சற்றே நகர்த்தி நகர்த்திப் பலமுறை பிரித்துச் சராசரி எடுக்கும். எத்தனை முறையோ அத்தனை மடங்கு நேரம் ஆகும். நுண்பயிற்சி பெற்ற டெமக்ஸ் மாடல் ஒன்றும் உண்டு, அது நான்கு மடங்கு நேரம் கேட்கும். அல்டிமேட் வோக்கல் ரிமூவரில் இரண்டு மூன்று மாடல்களின் முடிவைச் சேர்க்கும் வசதி இருக்கிறது. இவற்றில் எதைச் செய்தாலும் கொஞ்சம் மேம்படும், முற்றிலும் மறையாது.

குரல் போனது, புல்லாங்குழலும் வயலினும் கூடவே போயின

மாடல் எதைக் கேட்டு வளர்ந்தது என்று தெரிந்தால் இது ஆச்சரியமாக இருக்காது. இந்தத் துறையில் எல்லோரும் அளவுகோலாக வைத்திருக்கும் தொகுப்பான மியூஸ்டிபி18-இல் 150 பாட்டுகள், சுமார் 10 மணி நேரம். அதில் நான்கே அறைகள்: குரல், ட்ரம்ஸ், பேஸ், மற்றவை. பெரும்பாலான மாடல்கள் உலகத்து ஒலிகளை எல்லாம் இந்த நான்கு அறைக்குள்தான் அடுக்கப் பார்க்கின்றன. கமகத்தோடு வழுக்கிப் போகும் வயலினும், மூச்சுக்காற்று கேட்கும் புல்லாங்குழலும் குரலைப் போலவே நடந்துகொள்வதால், மாடல் அவற்றைக் குரல் அறையில் வைத்துவிடுகிறது. தபேலாவுக்கும் இதே கதை. வலதின் தட்டல் ட்ரம்ஸுக்குப் போகும், இடதின் 'கும்' என்ற வழுக்கல் பேஸுக்குப் போகும். அதனால் ட்ரம்ஸ் கோப்பை மட்டும் எடுத்துத் தபேலா என்று வைத்துக்கொள்ளாதீர்கள். குரல் தவிர்த்த மூன்றையும் எப்போதும் கூட்டியே பயன்படுத்துங்கள்.

தொலைந்த வயலினுக்கு ஒரு தீர்வு இருக்கிறது. அது மிக எளிது, ஆனால் செய்கிறவர்கள் குறைவு. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் இடையிசையில் யாரும் பாடுவதில்லை. அங்கே பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. அசல் பாட்டிலிருந்து அந்த இடையிசையை அப்படியே வெட்டி, பிரித்த டிராக்கின் மேல் அதே இடத்தில் வையுங்கள். முகப்பு இசை, முடிவு இசை, வரிகளுக்கு நடுவே வாத்தியம் மட்டும் பதில் சொல்லும் இடங்கள் எல்லாவற்றிலும் இதைச் செய்யலாம். ஒட்டும் இடங்களில் 30 முதல் 50 மில்லிவிநாடி கிராஸ்ஃபேட் (ஒன்று தேய மற்றது ஏறுவது) கொடுத்தால் தையல் தெரியாது. முந்தைய வரியின் எதிரொலி அடங்கிய பிறகு ஒட்டுங்கள், இல்லையென்றால் குரலின் வால் எட்டிப்பார்க்கும். ஒரு பாட்டில் கணிசமான பகுதி இப்படி அசல் தரத்தில் திரும்பி வந்துவிடும்.

குரலும் வயலினும் ஒரே நேரத்தில் வரும் இடங்கள் மிஞ்சும். அங்கே இரண்டு மாடல்களை ஓட்டி, வரிக்கு வரி எது நன்றாக இருக்கிறதோ அதை எடுங்கள். பாட்டைச் சில செமிடோன் (ஒரு செமிடோன் என்பது கீபோர்டில் ஒரு கட்டை) கீழிறக்கிப் பிரித்துவிட்டு மீண்டும் பழைய சுருதிக்கு ஏற்றுவதும் சில நேரம் உதவும். மாடலுக்கு அப்போது அது வேறொரு குரலாகத் தெரிகிறது.

'ஸ்', 'ச்' ஒலிகள் மட்டும் இசையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன

அந்த மெய்யொலிகளுக்குச் சுருதி கிடையாது, வெறும் இரைச்சல். ட்ரம்ஸில் வரும் ஹை-ஹாட்டும் இரைச்சல்தான். மாடல் குழம்பி அவற்றை ட்ரம்ஸுக்குத் தள்ளுகிறது. ட்ரம்ஸ் கோப்பைத் தனியாகக் கேட்டால் பாடகர் கிசுகிசுப்பது கேட்கும். அந்த இடங்களை ஸ்பெக்ட்ரோகிராமில் பெட்டி போட்டு, ஏறத்தாழ 5 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் வரை 10 டெசிபல் குறையுங்கள். பாட்டு முழுவதுக்கும் டீ-எஸ்ஸர் ('ஸ்' ஒலியைக் குறைக்கும் கருவி) போட்டால் ஹை-ஹாட் செத்துவிடும்.

முதன்மைக் குரல் போக வேண்டும், கோரஸ் இருக்க வேண்டும்

சாதாரண மாடலுக்குக் குரல் என்றால் குரல்தான், இரண்டையும் எடுத்துவிடும். கோரஸைத் தக்கவைக்கப் பழக்கிய கரோக்கி மாடல்கள் அல்டிமேட் வோக்கல் ரிமூவரில் இருக்கின்றன. கோரஸ் இருபக்கமும் பரவியிருந்தால், பிரித்தெடுத்த குரல் கோப்பை மட்டும் இடதுவலது கழித்துப் பாருங்கள். நடுக்குரல் அழிந்து கோரஸ் நிற்கும். அதை இசையோடு சேர்த்துவிடலாம். பழைய கழித்தல் வழி எனக்கு இன்றும் உதவுவது இந்த வேலைக்குத்தான்.

கிட்டாரை மட்டும் எடுக்க வேண்டும்

முதலில் பேலன்ஸை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பிக் கேளுங்கள். ஸ்டீரியோவின் தொடக்க காலப் பதிவுகளில் சில வாத்தியங்கள் ஒரே பக்கத்தில் முழுசாக வைக்கப்பட்டிருக்கும். மறுபக்கத்தை எடுத்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் டெமக்ஸின் ஆறு பிரிவு மாடலில் கிட்டாருக்கும் பியானோவுக்கும் தனி அறை உண்டு. பியானோ அவ்வளவு நன்றாக வருவதில்லை என்று அதைச் செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். கிட்டார் கோப்பைத் தனியாகக் கேளுங்கள், அதில் கீபோர்டும் இருந்தால் அந்த இடங்களை மௌனமாக்குங்கள். மிஞ்சியதை இன்வர்ட் செய்து அசலோடு கூட்டுங்கள். இப்படிச் செய்தால், மாடல் தொட்டது மட்டுமே மாறும். பாட்டின் மற்ற பகுதி அசலாகவே இருக்கும்.

இன்வர்ட் செய்து கூட்டினேன், அழியவில்லை

அசலிலிருந்து ஒன்றைக் கழிக்க, இரண்டும் ஒரு சாம்பிள் (டிஜிட்டல் ஒலியின் மிகச் சிறிய துண்டு) கூட நகராமல் பொருந்த வேண்டும். எம்பி3-ஆக மாற்றித் திறந்தால் முன்னால் கொஞ்சம் மௌனம் சேர்ந்துவிடலாம். எம்பி3 ஆக்கும் லேம் என்கோடரும் அதைத் திறக்கும் வழக்கமான டீகோடரும் சேர்ந்து 1105 சாம்பிள், அதாவது சுமார் 25 மில்லிவிநாடி தள்ளிவைக்கும். காதுக்குத் தெரியாது, கழித்தலுக்கு அது போதும் கெடுக்க. அலைவடிவத்தைப் பெரிதாக்கி ஒரு ட்ரம் அடியின் முனையை வைத்துப் பொருத்துங்கள். இல்லையென்றால் கடைசி வரை வேவ் கோப்பிலேயே வேலை செய்யுங்கள்.

தொடக்கத்தில் பொருந்தி, போகப் போக விலகினால் வேகம் வேறு. கேசட் பதிவுகளில் இது சகஜம். ஒரேயடியாகச் சுருதி ஏறி வேகமாக ஓடினால், எடிட்டர் 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பை 48 என்று நினைத்து ஓட்டுகிறது. ஏறத்தாழ ஒன்றரை செமிடோன் கூடும்.

எல்லாம் பொருந்தியும் அளவு மட்டும் சரியில்லை என்றால் டெமக்ஸின் பழக்கம் ஒன்றைப் பாருங்கள். பிரித்த கோப்பு உச்சத்தைத் தாண்டினால் அது தானாகவே அந்தக் கோப்பின் ஒலியைக் குறைத்துவிடும். அப்போது பாகங்களுக்கு நடுவே இருந்த விகிதம் குலைகிறது. அசலை 6 டெசிபல் குறைத்துவிட்டுப் பிரியுங்கள். உரத்த மாஸ்டரிங் செய்த பாட்டுகளில் கரகரப்பு வந்தாலும் இதே வைத்தியம்தான்.

பாதியில் நிற்கிறது, அல்லது கோப்பே திறக்கவில்லை

கிராஃபிக்ஸ் கார்டில் இயல்பான அமைப்போடு டெமக்ஸ் ஓடச் சுமார் 7 ஜிபி நினைவகம் வேண்டும். குறைவாக இருந்தால் செக்மென்ட் அளவை (ஒரு தடவையில் எடுக்கும் துண்டின் நீளம்) குறையுங்கள், அல்லது பிராசஸரிலேயே ஓட விடுங்கள். பாட்டின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு நேரம் ஆகும். கோப்பு திறக்கவில்லை என்றால் ஒலிக் கோப்புகளைத் திறக்க உதவும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கோப்பின் பெயரைத் தமிழில் வைத்திருந்தாலும் சில கருவிகள் திணறும், எண்களாக மாற்றிப் பாருங்கள்.

எல்லாம் செய்தேன், இரண்டு இடத்தில் மட்டும் உறுத்துகிறது

அந்த இடங்களில் குரலை நீக்காதீர்கள், குறையுங்கள். பிரித்தெடுத்த குரலை 15 டெசிபல் குறைத்து மீண்டும் இசையின் அடியில் சேருங்கள். மாடல் பிடுங்கியதில் விழுந்த ஓட்டைகளை அந்த மெல்லிய குரல் அடைத்துவிடும், சலசலப்பு அடங்கும். பயிற்சிக்கு என்றால் இது பாடுகிறவருக்கு வழிகாட்டியாகவும் இருக்கும். பொதுவில் வெளியிடுவதாக இருந்தால், குரல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அந்தப் பாட்டின் உரிமையாளரின் பதிவுதான், அனுமதி கேட்க வேண்டும். முடித்த டிராக்கை அன்றே முடிவு செய்யாமல், மறுநாள் சாதாரண ஸ்பீக்கரில், பாடப்போகிறவரையே மேலே பாட வைத்துக் கேளுங்கள். அவர் பாடும்போதும் கேட்கிற குறையை மட்டும் திருத்தினால் போதும்.